ரப்பர் பாலுக்கான ஆசிட்டைப் பாதுகாப்பாகக் கையாளும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனை, களியல் பகுதிகளில் முதன்முறையாகச் சொந்தமாக ஷீட் அடிக்க, அதாவது ரப்பர் பாலை உறையவைத்துத் தகடாக்க, தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரப்பர் பாலை உறையவைக்க நாம் ஊற்றும் 'ஆசிட்' என்பது ஃபார்மிக் அமிலம். சில எறும்புகள் கடிக்கும்போது எரிவதும் இதனால்தான். ஆனால் கடையில் பெரும்பாலும் கிடைப்பது 85 சதவீதச் செறிவுள்ளது. அது தோலை வேகவைக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், ஆவியோ மூச்சுக்குழாயை எரிக்கும்.

முதலில் பாத்திரத்தைக் கவனியுங்கள். சில்லறையாக வாங்குவோருக்குக் குடிநீர் பாட்டிலில் ஊற்றித் தருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி வாங்காதீர்கள். இந்த அமிலத்துக்கு நிறமில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டுத் தாகத்தோடு வருபவரோ வீட்டுக் குழந்தையோ தண்ணீர் என்று நினைத்து ஒரு வாய் விழுங்கினால், உணவுக்குழாய் வெந்துபோவதோடு, இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீரகமும் செயலிழக்கக்கூடும். லேபிள் ஒட்டிய கெட்டியான பிளாஸ்டிக் கேனில் வாங்கி, வீட்டுக்கு வெளியே வெயில் படாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

கலக்கும் வேலையைக் காற்றோட்டமான இடத்தில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று செய்யுங்கள். ரப்பர் கையுறை, கண்ணை முழுவதும் மூடும் கண்ணாடி, முழுக்கைச் சட்டை ஆகியவற்றை அணிந்து, இரண்டு வாளி நல்ல தண்ணீரைப் பக்கத்தில் வைத்த பிறகே கேனைத் திறக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் முதலில் 2 லிட்டர் தண்ணீரை ஊற்றி, அதன்பின் அளவுக்குவளையில் எடுத்த 10 மில்லி ஆசிட்டை மெதுவாகச் சேர்த்தால், ஏறத்தாழ அரை சதவீதக் கரைசல் கிடைக்கும். அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் சூடேறி முகத்தில் தெறிக்கலாம் என்பதால் இந்த வரிசையை மாற்றவே கூடாது. குழாயை வாயால் உறிஞ்சி ஆசிட் எடுப்பதும் கூடாது.

தரையில் சிந்தினால் சமையல் சோடாவைத் தூவி, நுரை அடங்கியபின் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடரை அதன் அருகே கொண்டுபோகாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

உடம்பில் பட்டால் ஆசிட் நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணென்றால் இமையைத் திறந்து பிடித்தபடி கழுவி, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ஏனெனில் மேலே வரும் அமிலம் மறுபடியும் தொண்டையை எரிக்கும். வாயை மட்டும் கொப்பளிக்கச் செய்து, 108-ஐ அழைத்து, கேனின் லேபிளைப் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.