பேரியம் கிளேஸ்: சோதனையில் நடக்கும் தவறுகள்

பேரியம் என்ற நச்சு உலோகம் சேர்ந்த கிளேஸ் (மண்பாண்டத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சு) உள்ள கிண்ணத்தில் வினிகரை ஊற்றி ஒரு நாள் விட்டுப் பார்ப்பார்கள். நிறம் மங்கவில்லை, பளபளப்பும் போகவில்லை என்றால் சாப்பாட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பேரியம் கிளேஸ் விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். கரைந்த பேரியத்துக்கு நிறமே கிடையாது. வெளியேறினாலும் கண்ணுக்குத் தெரியாது. நிறம் மாறினால் அந்த கிளேஸ் தேறவில்லை என்பது உறுதி. மாறாவிட்டால் ஒன்றுமே உறுதியில்லை.

சரி, ஆய்வகத்துக்கே அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. பாத்திரங்களுக்கான வழக்கமான சோதனையில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் நிரப்பி வைத்து, கரைந்து வரும் ஈயத்தையும் காட்மியத்தையும் அளப்பார்கள். இரண்டும் இல்லை என்ற அறிக்கை பேரியத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. பேரியத்தையும் அளக்கச் சொல்லி நாம்தான் தனியாகக் கேட்க வேண்டும். வரும் எண்ணைக் குடிநீர் வரம்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்: லிட்டருக்கு உலக சுகாதார நிறுவனம் 1.3 மில்லிகிராம் என்கிறது, அமெரிக்கா 2 மில்லிகிராம் என்கிறது.

எதை அனுப்புகிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சின்ன ஓட்டுத்துண்டைப் பெரிய குடுவை அமிலத்தில் போட்டால், வெளியேறியது நீர்த்துப்போய் எண் குறைவாகத்தான் வரும். போதாததற்கு, சின்னச் சோதனைச் சூளை சீக்கிரம் ஆறிவிடும். பெரிய சூளை மெதுவாக ஆறும். பேரியம் மேட் (பளபளப்பில்லாத) கிளேஸின் மேற்பரப்பே ஆறும்போது உருவாகும் படிகங்களைப் பொறுத்தது. அதனால் ஒரே கலவை இரண்டு சூளையில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். வெப்பம் போதாமல் உருகாதுபோன கிளேஸும் மேட்டாகவே தெரியும், அதில் கரைந்து வெளியேறும் வாய்ப்பு இன்னும் அதிகம். பயன்பாட்டுக்குப் போகும் அதே வடிவப் பாத்திரத்தை, அதே சூளையில் சுட்டு அனுப்புங்கள். களிமண்ணையோ, சூளையைச் சூடேற்றி ஆறவிடும் அட்டவணையையோ மாற்றினால் பழைய அறிக்கை செல்லாது.

செம்பு சேர்த்த நீல, பச்சை பேரியம் கிளேஸ்களில் கூடுதல் சந்தேகம் நல்லது. கிளேஸுக்கு உறுதி தரும் சிலிக்காவும் அலுமினாவும் குறைவாக இருந்தால் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் வீண்போகாது.

அப்புறம், பேரியம் கார்பனேட்டுக்குப் பதில் எடையில் முக்கால் பங்கு ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட் போட்டுவிட்டால் சோதனையே வேண்டாம் என்று நினைப்பதும் தவறுதான். நச்சுத்தன்மை குறையும், உண்மைதான். கிளேஸ் அமிலத்தில் கரையும் தன்மை அப்படியே இருந்தால், செம்பு தொடர்ந்து வெளியேறிக்கொண்டுதான் இருக்கும்.