மலைக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம்: தமிழ் வழியில் படித்து வருகிறவர்களுக்கு

ஆங்கிலம் சரளமாகப் பேச வராத பிள்ளை ஆங்கில இலக்கியம் எடுக்கலாமா என்று, பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத்தில் பெற்றோர்கள் என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாக எடுக்கலாம். கல்லூரிக்குள் நுழையும்போது சரளம் வேண்டியதில்லை, வெளியே வரும்போது இருந்தால் போதும். நுழையும்போது வேண்டியது ஒரே பக்கத்தை அலுக்காமல் மறுபடி மறுபடி வாசிக்கும் பொறுமை. அது இல்லாதவர்கள் பி.காம். சேர்ந்துவிடுவது நல்லது. அங்கேயும் பொறுமை வேண்டும் என்று என் தம்பி சொல்கிறான். அது அவன் பாடு.

நான் கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்கள் தாத்தா குடும்பமும் ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. பிறகு மலையிலேயே ஒரு கிறிஸ்தவப் பெண்கள் கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம். இப்போது மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். நான் சொல்லப்போவதெல்லாம் இந்த வழியில் வந்தவளின் யோசனைகள். ஊட்டி கான்வென்ட்டில் படித்த பிள்ளைகளுக்கு இவற்றில் பாதி தேவைப்படாது.

சேரும் வேலையை முதலில் முடித்துவிடுவோம். நீலகிரியின் கலைக் கல்லூரிகள் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பி.ஏ. என்றால் மூன்று ஆண்டு, ஆறு பருவம். பகுதி ஒன்றில் தமிழ், இரண்டில் பொது ஆங்கிலம், மூன்றில் முதன்மைப் பாடங்களும் துணைப் பாடங்களும் வரும். கிறிஸ்தவக் கல்லூரிக்கு அந்தந்தக் கல்லூரியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். உதகை அரசு கலைக் கல்லூரிக்கு அரசின் இணையதளத்தில். இரண்டுக்கும் போட்டு வையுங்கள். கல்லூரி அலுவலகத்தில் மறக்காமல் கேளுங்கள்: இந்தப் பாடப்பிரிவு அரசு உதவி பெறுவதா, சுயநிதியா? பட்டம் ஒன்றுதான், கட்டணம் வேறு. படைப்பெழுத்துக்குத் தனித் தாள் உண்டா, எந்தப் பருவத்தில்? முதலாண்டு மாணவர்களுக்கு நூலகத்தில் புத்தகம் வீட்டுக்குத் தருவார்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் கல்லூரியின் குணம் தெரிந்துவிடும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. ஆதார் இணைத்த வங்கிக் கணக்கை இப்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பருவம் தொடங்கியதும் சீனியர் அக்கா ஒருத்தி வந்து, "எந்தக் கைடு வாங்கவேண்டும் என்று நான் சொல்கிறேன்" என்பாள். அன்பாகத்தான் சொல்கிறாள். நன்றி சொல்லுங்கள், வாங்காதீர்கள். கைடு என்ன செய்கிறது? பதினான்கு வரிக் கவிதைக்கு நான்கு பக்கம் விளக்கம் எழுதுகிறது. நீங்கள் அந்த நான்கு பக்கத்தை மனப்பாடம் செய்கிறீர்கள். பதினான்கு வரியை ஒருமுறைகூட வாய்விட்டு வாசிப்பதில்லை. தேர்வுத்தாளில் எல்லோருடைய பதிலும் ஒரே பதிலாக இருக்கும். திருத்துகிறவர்களுக்கு மூன்றாவது தாளிலேயே அது எந்தக் கைடு என்று தெரிந்துவிடும்.

இதற்கு மாற்றாக நான் சொல்லும் முறை எளிது. முதல் வாசிப்பில் அகராதியைத் தொடாமல் வாய்விட்டு வாசியுங்கள், புரியாவிட்டாலும் நிறுத்தாதீர்கள். இரண்டாம் வாசிப்பில் புரியாத சொற்களைப் பென்சிலால் கோடிட்டு அர்த்தம் பாருங்கள். அடுத்து, "இதில் யார், யாரிடம், என்ன கேட்கிறார்கள்?" என்பதைத் தமிழில் நான்கு வரி எழுதுங்கள். ஆமாம், தமிழில்தான். தமிழில் எழுத வராத ஒன்று உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். இவ்வளவும் முடிந்த பிறகு யாருடைய கைடையாவது இரவல் வாங்கிப் பாருங்கள். எங்கே அது தவறு என்றுகூடச் சில சமயம் கண்டுபிடிப்பீர்கள். அந்த மகிழ்ச்சிக்கு ஈடு இல்லை.

பாடத்தில் வரும் பழைய நூல்களை விலைக்கு வாங்கவும் வேண்டாம். காப்புரிமை முடிந்த ஆங்கில நூல்கள் ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவு செய்த ஒலிக்கோப்புகள் லிப்ரிவாக்ஸில் உண்டு. தோட்டத்து வீட்டில் சிக்னல் கிடைக்காது, மழை நாளில் கரண்டும் இருக்காது. குன்னூர் பஸ் நிலையத்தில் நிற்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் எந்தச் சொல்லில் குரல் அழுந்துகிறது என்று தானாகப் பிடிபடும்.

இனி, கிறிஸ்தவக் கல்லூரி. எங்கள் வீட்டில் மாரியம்மன் படத்துக்குத்தான் விளக்கு. கல்லூரியில் காலை ஜெபத்தில் மற்றவர்களோடு நானும் நின்றேன். என்னை யாரும் எதுவாகவும் மாறச் சொல்லவில்லை. கிறிஸ்தவ மாணவிகளுக்கு பைபிள் வகுப்பு, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்று பிரிப்பார்கள். நான் அனுமதி கேட்டு பைபிள் வகுப்பில் உட்கார்ந்தேன். நீங்களும் அதையே செய்யுங்கள். பக்திக்காக அல்ல, பாடத்துக்காக. மில்டன் 1667இல் வெளியிட்ட ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தின் கரு ஆதியாகமத்தின் இரண்டாம், மூன்றாம் அதிகாரங்களில் இருக்கிறது. அந்தச் சில பக்கங்களைத் தெரியாமல் காவியத்துக்குள் நுழைகிறவர், சீதை யாரென்று கேட்டுக்கொண்டே கம்பராமாயணம் படிக்கிறவர்தான்.

முழு பைபிளையும் படிக்க வேண்டியதில்லை. ஆதியாகமம், யோபு, சங்கீதம், பிரசங்கி, லூக்கா இவை போதும். முதலில் தமிழில், பிறகு 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கிலத்தில். எங்கே தொடங்குவது என்று கேட்டால் லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தின் பின்பாதியைக் காட்டுவேன். சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு, பன்றி மேய்த்து, பசி தாங்காமல் வீடு திரும்பும் இளைய மகனின் கதை. கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் இதைப் பென்சிலோடு படிக்க வேண்டும். ஒருவருக்கும் பெயர் இல்லை. யாருடைய முகமும் வருணிக்கப்படவில்லை. ஆனால் அப்பா தூரத்திலேயே மகனைப் பார்த்துவிட்டு ஓடுகிறார். அந்த ஓட்டம் ஒன்றிலேயே, இத்தனை நாளும் அவர் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்துவிடுகிறது; கதை அதைச் சொல்வதே இல்லை. மகன் மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவந்த பேச்சைப் பாருங்கள்: ‘என்னைக் கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்’ என்பது ஒத்திகையில் இருக்கிறது, அப்பாவின் எதிரே அதைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. அங்கி, மோதிரம், செருப்பு, கொழுத்த கன்று என்று உத்தரவுகள் வந்துவிடுகின்றன.

அதற்குப் பிறகுதான் மூத்தவன் வயலிலிருந்து வருகிறான். பாட்டுச் சத்தம் கேட்டு, உள்ளே போகாமல், வேலைக்காரனைக் கூப்பிட்டு விசாரிக்கிறான். தனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தந்ததில்லை என்று அப்பாவிடம் சண்டை பிடிக்கிறான். அப்பா சமாதானம் சொல்கிறார். கதை முடிந்துவிடுகிறது. மூத்தவன் உள்ளே போனானா? எழுதப்படவில்லை. வகுப்பில் இதை வாசித்தால் பாதிப் பேர் போனான் என்பார்கள், மூத்த பிள்ளையாகப் பிறந்தவர்கள் எல்லோரும் போகவில்லை என்பார்கள். கதையை எங்கே நிறுத்துவது என்று இதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

செய்யுள் விஷயத்திலும் கல்லூரிச் சிற்றாலயம், அதாவது ஜெபம் நடக்கும் இடம், உதவும். தமிழில் நேர், நிரை என்று அசை பிரித்துப் பழகியவர்கள் ஆங்கிலக் கவிதைக்கு அதே கணக்கைப் போட்டுக் குழம்புகிறார்கள். நம் அசையைக் குறிலும் நெடிலும் ஒற்றும் தீர்மானிக்கின்றன. ஆங்கிலச் செய்யுளில் கணக்கு குரல் அழுத்தத்தில் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் நாடக வரியைப் பொதுவாக மேசையில் தட்டிப் பார்க்கலாம்: தடம் தடம் தடம் தடம் தடம். பத்து அசை, ஐந்து அழுத்தம். இதைக் காதுக்குப் பழக்க, அங்கே பாடும் ஆங்கிலப் பாமாலை, அதாவது கிறிஸ்தவத் துதிப்பாடல், புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். பல பதிப்புகளில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் 8.6.8.6 என்றோ 8.8.8.8 என்றோ எண்கள் அச்சாகியிருக்கும். அவை வரிக்கு எத்தனை அசை என்ற கணக்கு. ஒரே கணக்குள்ள இரண்டு பாட்டுகளின் மெட்டுகளை மாற்றிப் பாடிப் பாருங்கள், பெரும்பாலும் கச்சிதமாகப் பொருந்தும். விடுதி அறையில் இதைச் செய்தால் வார்டன் அக்காவிடம் திட்டு விழும், பரவாயில்லை. பழைய கதைப்பாடல்கள் பலவும் இந்த 8.6.8.6 நடையில் போகிறவை. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனும் தன் கவிதைகளில் நிறைய இதே பாமாலை நடையில்தான் எழுதினார். பாடத்தில் அவர் வரும்போது உங்கள் காது ஏற்கெனவே தயாராக இருக்கும்.

படைப்பெழுத்துக்கு வருகிறேன். என்னிடம் எழுதிக் காட்ட வரும் மாணவிகளுக்கு ஒரு தடை உண்டு: முதல் ஆண்டு முழுக்க மூடுபனியைப் பற்றி எழுதக் கூடாது. மலைப் பிள்ளைகள் பேனாவை எடுத்தாலே பனி இறங்கிவிடுகிறது. வெண்போர்வை, மலையரசி, பச்சைக் கம்பளம். இவையெல்லாம் ஏப்ரலில் வந்து போகிறவர்கள் பார்க்கும் மலை. பனிக்குள் கொழுந்து பறிக்கப் போகிறவருக்கு அது போர்வை அல்ல, ஈரம்.

கூடலூர் பக்கத்துப் பெண் ஒருத்தி இப்படித்தான் ஒரு பத்தி எழுதிக்கொண்டு வந்தாள். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, உயிரும் இல்லை. மூடி வைத்துவிட்டு, "இன்று காலை அம்மா வேலைக்குக் கிளம்பும்போது என்ன செய்தார்கள்?" என்று கேட்டேன். "ஒன்றும் செய்யவில்லை மிஸ், எப்போதும் போலத்தான்." அந்த எப்போதும் போல என்பதைச் சொல் என்றேன். அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கக் காலில் உப்பும் புகையிலையும் தேய்த்தார்கள் என்றாள். செடியின் ஈரம் படாமலிருக்க இடுப்பில் தாள் கட்டினார்கள். என்ன தாள்? பழைய தேர்தல் பேனர். வேட்பாளரின் முகம் உள்பக்கம் இருக்கும்படி கட்டுவார்கள். ஏன் உள்பக்கம்? "வெளியே தெரிந்தால் மற்ற பொம்பளைகள் கேலி செய்வார்கள் மிஸ்." அதை அப்படியே, சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில், ஒரு உவமைகூட இல்லாமல் எழுதச் சொன்னேன். ஒரே பக்கம்தான் வந்தது. படித்த எல்லோரும் பேனர் வந்த இடத்தில் சிரித்தார்கள், சிரித்துவிட்டு அந்த வரியை மறுபடி படித்தார்கள்.

பகுதி ஒன்றில் படிக்கும் அகத்திணையைத் தேர்வோடு மூட்டை கட்டிவிடாதீர்கள். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற வரிசை எழுதுகிறவருக்குக் கைகொடுக்கும். இடமும் நேரமும் முதலில். பிறகு அங்கே இருக்கிற செடி, விலங்கு, தொழில், உணவு. உணர்ச்சியை இவற்றின் வழியாக வரவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் இந்த வரிசை செல்லும். சோகமாக இருந்தது என்று எழுதத் தோன்றும்போதெல்லாம் அந்த நேரத்தில் கையில் என்ன இருந்தது என்று எழுதுங்கள்.

தனியாக எழுதிக்கொண்டிருந்தால் வளர முடியாது. மூன்று நான்கு பேர் சேர்ந்து வாரம் ஒருமுறை உட்காருங்கள். எழுதியவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும், அதன்பின் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் ‘சூப்பர்’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. எந்த வரி நினைவில் நின்றது, எந்த இடத்தில் கவனம் வேறெங்கோ போனது, இவ்வளவுதான் சொல்ல வேண்டும். எழுதியவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் தடுத்துவிடுங்கள். நாளை அச்சில் வரும்போது பக்கத்தில் நின்று விளக்க முடியாது அல்லவா? தோழி அழுதால் டீ வாங்கிக் கொடுங்கள், கருத்தை மாற்றாதீர்கள்.

தேர்வைப் பற்றி இரண்டே விஷயம். ஒவ்வொரு பாடத்திலும் மூலத்திலிருந்து சில வரிகளைப் பிழையில்லாமல் மனப்பாடம் செய்து, பதிலின் நடுவில் உங்கள் வாதத்துக்குச் சாட்சியாக வையுங்கள். அலங்காரமாகத் தொடக்கத்தில் ஒட்டாதீர்கள். இரண்டாவது, முதல் பருவத் தேர்வு நவம்பரை ஒட்டி வரும்; குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அப்போதுதான். மண் சரிந்தால் பஸ் நின்றுவிடும். தூரத்திலிருந்து வருகிறவர்கள் தேர்வு வாரத்துக்கு மட்டுமாவது விடுதியிலோ கல்லூரிக்கு நடந்து போகும் தூரத்தில் உறவினர் வீட்டிலோ தங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

வேலை என்ன கிடைக்கும் என்று அப்பா கேட்பார். பி.எட். முடித்தால் பள்ளி, எம்.ஏ.வும் நெட் அல்லது செட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வும் முடித்தால் கல்லூரி என்று சொல்லுங்கள். கதை எழுதப்போகிறேன் என்பதை இப்போதைக்கு அவரிடம் சொல்ல வேண்டாம்; கல்லூரி ஆண்டு மலரில் அச்சானதும் கையில் கொடுத்துவிடுங்கள்.