சுயமரியாதைத் திருமணம்: உறுதிமொழி முதல் பதிவு வரை

"ஐயர் இல்லாம கல்யாணம் செல்லுமா?" பேச்சை எடுத்ததும் வீட்டில் வரும் முதல் கேள்வி இது. செல்லும். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவு, அண்ணா முதல்வராக இருந்தபோது, 1968 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. உற்றார், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக இருவருக்கும் புரிந்த மொழியில் சொல்லலாம், மாலையோ மோதிரமோ அணிவிக்கலாம், தாலி கட்டலாம். மூன்றில் ஒன்று போதும். ஊரைக் கூட்டியாக வேண்டும் என்றுகூட இல்லை. 2023இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. நாங்கள் உறுதிமொழி சொல்லி மாலை மாற்றிக்கொண்டோம். தாலி இல்லை.

முதல் வேலை, தலைமை தாங்க ஆள் பிடிப்பது. மேடைப் பேச்சாளரைவிட, இரு வீட்டாரும் மதிக்கும் ஒருவரே என் தேர்வு. எங்களுக்கு என் மனைவியின் தமிழாசிரியர் வந்தார். பெண்களையே தலைமைக்கு அழையுங்கள். சடங்குகளில் பின்னால் நிற்க வைக்கப்பட்டவர்கள் இங்கே நடுவில் நிற்கட்டும். அத்தை கணவரை இழந்தவர். மாலையை எடுத்துக் கொடுத்தது அவர்தான்.

அடுத்தது உறுதிமொழி. இதில்தான் நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் கல்யாணமே இதுதான். இணையத்தில் கிடைப்பதை அப்படியே எடுத்தால் "இன்பத்திலும் துன்பத்திலும்" என்று தொடங்கி யாருக்கும் பொருந்தும்படி முடிந்துவிடும். இருவரும் தனித்தனியே எழுதி, பிறகு சேர்ந்து உட்கார்ந்து ஒன்றாக்குங்கள். வேலை, சம்பளம், பெற்றோரைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அந்தப் பேச்சில் வெளியே வரும். எங்கள் வரிகளில் ஒன்று: "உன் அம்மா அப்பாவின் முதுமை என் பொறுப்பும்தான்." இதை முடிவு செய்யவே எங்களுக்குப் பல சாயங்காலங்கள் பிடித்தன. கடைசியில் "துணையாக ஏற்கிறேன்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். உறுதிமொழி வழியில் சட்டம் கேட்பது அதைத்தான்.

தடித்த அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். செல்போன் வேண்டாம். காலர் மைக்கும் வேண்டாம், மாலை உரசிக் கரகரக்கும். ஸ்டாண்டு மைக்தான் நல்லது.

பலரும் யோசிக்காத இடம் ஒன்று: கெட்டிமேளம் யார் சொல்வது? வழக்கமாகப் புரோகிதர் கை காட்டுவார். இங்கே தலைவர் எழுந்து கை உயர்த்தியதும் நாயனம் எழ வேண்டும், அதே நேரம் பூவும் தூவ வேண்டும். முந்தின நாளே நாயனக்காரரிடம் சொல்லிவையுங்கள். வாழ்த்துரைக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாட்டில் 90 நாளுக்குள் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. மாலை மாற்றும் படத்தையும் அழைப்பிதழையும் பத்திரப்படுத்துங்கள்.

பின்சேர்க்கை: வேறு வேறு மதத்தினர் என்றால் என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். 7ஏ இந்துக்களுக்கு மட்டுமே. சட்டத்தின் கணக்கில் பௌத்தர், சமணர், சீக்கியரும் அதில் அடங்குவர். மற்றவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. 30 நாள் அறிவிப்பு, மூன்று சாட்சிகள் வேண்டும். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். பதிவு முடியும் தேதி தெரிந்த பிறகு மண்டபம் பிடியுங்கள்.