பக்கவாத நோயாளியை வீட்டுக்கு அழைத்துப்போகும் முன்

டிஸ்சார்ஜ் தேதி தெரிந்ததுமே பிசியோதெரபிஸ்ட்டிடம், "கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நான் மாற்றுகிறேன், சரியா என்று பாருங்கள்" எனக் கேளுங்கள். அவர் செய்வதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தால், வீட்டில் கை உதறும். நோயாளி சம்மதித்தால் செல்போனில் வீடியோவும் எடுத்துக்கொள்ளலாம். தூக்கும்போது பலவீனமான கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ இழுக்கவே கூடாது. தோள்மூட்டு நழுவி, மாதக்கணக்கில் வலி படுத்தும். நோயாளிக்குத் தண்ணீர் குடிக்கையில் புரையேறினால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஆரம்ப வாரங்களில்தான் உடல் வேகமாகத் தேறும். பலருக்கு அந்த நாட்கள் 'அடுத்து யாரைப் பார்ப்பது' என்ற குழப்பத்திலேயே போய்விடுகின்றன. வீட்டுக்கு வந்தபின் பயிற்சி தருபவர் யார், முதல் நாள் எது என்று எழுதி வாங்காமல் கிளம்ப வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியின் (மருத்துவமனை தரும் சிகிச்சைச் சுருக்கம்) ஒரு நகல் அவருக்கும் போகட்டும்.