கொப்பியில் இருந்த கட்டத்தை மூன்று நிரலாக்குவது

அரியாலையில் மாமாவின் நாலு பரப்புத் தறையில், தெற்கே கடனீரேரிப் பக்கம் வெங்காயத்தாள் நுனி கருகிக்கொண்டு வந்தது. உவர் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்க 40 மீட்டருக்கு 25 மீட்டர் தறையை 5 மீட்டர் இடைவெளியில் பிரித்து, புள்ளிக்குப் புள்ளி மண் எடுத்து மின்கடத்துதிறன் (உப்பு கூடினால் இதுவும் கூடும்) அளந்தோம். மாமா தறையைப் பார்த்தபடியே கொப்பியில் கட்டம் போட்டு எழுதினார்: குறுக்கே 9, நெடுக்கே 6. வடமேற்கு மூலையில் கிணறு, அதனால் அங்கே இரண்டு கட்டம் வெறுமை.

எக்செலில் அப்படியே அடித்தேன். வாசிக்க நல்ல வடிவம், ஆனால் வரைபடத்துக்கு உதவாது. ஒரு புள்ளிக்கு ஒரு நிரை வேண்டும்: எக்ஸ், வை, அளவு.

ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டாதீர்கள், ஒரு எண் இடம் மாறினாலும் கண்டுபிடிக்க முடியாது. முதல் நிரையில் கிழக்கு நோக்கிய தூரம் (0, 5, 10 என 40 வரை), முதல் நிரலில் வடக்கு நோக்கிய தூரம் இருக்கட்டும். மூலைப் பெட்டியில் ‘வை’ என்று எழுதுங்கள். முழுவதையும் தெரிவு செய்து, ‘டேட்டா’ பகுதியில் ‘ஃப்ரம் டேபிள்/ரேஞ்ச்’ அழுத்தினால் பவர் குவெரி (தரவின் வடிவத்தை மாற்ற எக்செலுக்குள்ளேயே இருக்கும் கருவி) திறக்கும். ‘வை’ நிரலின் தலைப்பில் வலது சொடுக்கு, ‘அன்பிவட் அதர் காலம்ஸ்’. அவ்வளவுதான், கட்டம் நீளப் பட்டியலாகிவிடும். ‘அட்ரிபியூட்’ என்று வருவதை எக்ஸ் என்றும், ‘வேல்யூ’ என்று வருவதை அளவு என்றும் மாற்றுங்கள்.

இனித்தான் கவனம் வேண்டும். தலைப்பில் இருந்த 0, 5, 10 எல்லாம் இப்போது எண் இல்லை, எழுத்து. இப்படியே சிதறல் வரைபடம் போட்டால் எக்செல் அவற்றை 1, 2, 3 என்று வரிசை எண்ணாக எடுத்துக்கொள்ளும், 40 மீட்டர் தறை 52 வரை நீண்டு நிற்கும். எக்ஸ் தலைப்பின் இடப்பக்கச் சின்னத்தை அழுத்தி ‘டெசிமல் நம்பர்’ ஆக்குங்கள். அப்புறம் ‘குளோஸ் அண்ட் லோட்’.

நிரைகளை எண்ணிப் பாருங்கள். 9 தர 6, 54. எனக்கு 52 வந்தது, அது சரி: வெறும் பெட்டிகளை அன்பிவட் விட்டுவிடும். அளக்காத இடத்தில் 0 போடாதீர்கள், அங்கே உப்பே இல்லை என்று ஆகிவிடும். கோடும் வேண்டாம், எண்ணாக்கும்போது பிழை காட்டும்.

மூன்று நிரலையும் வைத்துக் குமிழி வரைபடம் போட்டேன். பெரிய குமிழிகள் எல்லாம் வடக்கே, றோட்டுப் பக்கம் நின்றன. நானும் நம்பிவிட்டேன். மாமாதான் திரையைப் பார்த்து, “தம்பி, கிணறு எப்ப கடனீரேரிப் பக்கம் போனது?” என்று கேட்டார். வெறும் இரண்டு புள்ளியும் தென்மேற்கில் இருந்தன. நெடுக்குத் தூரத்தை நான் மேலிருந்து கீழாக 0, 5, 10 என்று அடித்திருந்தேன். கொப்பியில் மேல் நிரைதான் வடக்கு, ஆகவே மேலே 25, கீழே 0 வர வேண்டும். எண்களைத் திருத்தி ‘ரிஃப்ரெஷ்’ கொடுத்ததும் கிணறு தன் மூலைக்கு வந்தது, உவரும் தெற்கே போனது.

மாரி முடிந்து தை மாதம் மறுபடி அளந்தோம். பழைய எண்களின் மேல் புதியதை அடித்து, அதே ‘ரிஃப்ரெஷ்’.