உடை தைக்கும் முன் பிழைப்பைத் தேடுங்கள்

இங்கிலாந்தில், பதினைந்தாம் நூற்றாண்டு வாழ்க்கையை மறுநடிப்பாகச் செய்துகாட்டும் குழு ஒன்றில் எட்டு வருடமாக இருக்கிறேன். கோடை வார இறுதிகளில் கூடாரம் போட்டு, அந்தக் காலத்து உடையில், அந்தக் காலத்து வேலைகளைப் பார்க்க வருகிறவர்கள் முன்னால் செய்வோம். முதல் வருடம் ஒரு வெல்வெட் கவுன் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். குழுவில் மூத்த அம்மா ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதற்கு யார் காசு கொடுத்தது?" என்று கேட்டார். கடையின் பெயரைச் சொன்னேன். "அதைக் கேட்கவில்லை. 1471இல் யார் கொடுத்தது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

புதிதாக வருகிறவர்களை இப்போது நானும் அதையே கேட்கிறேன். உடையைப் பற்றி யோசிக்கும் முன் ஓர் ஊர், ஒரு வருடம், ஒரு பிழைப்பு, இந்த மூன்றையும் முடிவு செய்யுங்கள். "இடைக்கால இங்கிலாந்து" என்றால் போதாது. 1400இல் தைத்த கவுனின் வெட்டு வேறு, 1470இல் தைத்ததன் வெட்டு வேறு. சீமாட்டியாக வர எல்லோருக்கும் ஆசை இருக்கும். ஆனால் சீமாட்டிக்குப் பகல் முழுக்கக் கூடாரத்தில் என்ன வேலை? கைத்தொழில்காரியாக வந்தால், பார்க்க வரும் பிள்ளைகளுக்குக் காட்ட எப்போதும் கையில் ஏதாவது இருக்கும்.

நான் எடுத்துக்கொண்டது லண்டன், 1471, பட்டு வேலை. அங்கே பெண்களே நடத்திய தொழில் அது. இத்தாலிய வணிகர்களிடம் கச்சாப் பட்டு வாங்கி, நூல் முறுக்கி, நாடா, கயிறு, குஞ்சம் என்று செய்து விற்றார்கள். கல்யாணமான பெண்ணும் தன் பெயரிலேயே வியாபாரம் செய்ய லண்டன் வழக்கம் இடம் கொடுத்தது. அப்படி நடத்தினால் அவள் கடன் அவளுடையது, புருஷன் தலையில் விழாது. ஆலிஸ் கிளேவர் என்ற பட்டுக்காரி 1483இல் மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் முடிசூட்டு விழாவுக்கே கயிறும் குஞ்சமும் செய்து கொடுத்திருக்கிறார். அவரைப் போன்ற உண்மையான ஆளின் பெயரை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், அது போதும். ஜோன், ஆலிஸ், ஆக்னஸ், மார்கரெட் எல்லாம் அன்று தெருவுக்குத் தெரு இருந்த பெயர்கள். நான் ஜோன் என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்து ஒரு தாளில் கோடு போட்டு, பிறந்த வருடத்தைக் குறியுங்கள். எனக்கு மிகவும் உதவிய வேலை இதுதான். ஜோனுக்கு 1471இல் முப்பது வயது என்றால் பிறந்தது 1441. பதினான்கு வயதில் தொழில் பழகிக்கொண்டிருப்பாள். அது 1455. அந்த வருடம்தான் லண்டன் பட்டுக்காரிகள், வெளிநாட்டு நாடாக்கள் வந்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கின்றன என்று பாராளுமன்றத்தில் முறையிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இந்த வேலையை நம்பி இருக்கிறோம் என்று அதில் சொன்னார்கள். இறக்குமதிக்குத் தடையும் வந்தது. ஜோனின் எஜமானி அந்த நாளில் பட்டறையில் என்னவெல்லாம் பேசியிருப்பாள்! அரியணைச் சண்டையில் டவ்டன் போர் நடந்த 1461இல் அவளுக்கு இருபது. 1471 மே மாதம் மன்னர் எட்வர்டை எதிர்த்த ஃபாகன்பெர்க்கின் ஆட்கள் லண்டனைத் தாக்கி, லண்டன் பாலத்துப் பக்கம் தீ வைத்தபோது அவள் நகரத்துக்குள் இருந்தாள். இப்படிப் பத்துப் புள்ளி வைத்தால் அவளுக்கு ஞாபகங்கள் வந்துவிடும்.

சரி, இப்போது உடை. ஓவியங்களுக்கு ஓடாதீர்கள், முதலில் உயில்களைப் படியுங்கள். லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் 1384 முதலான உயில்கள் படமாகக் கிடைக்கின்றன. கையெழுத்து கண்ணைக் கட்டும், பாதி லத்தீனில் இருக்கும். அச்சில் வந்த தொகுப்புகளில் தொடங்கினால் சுலபம். ஒரு நோட்டில் கட்டம் போட்டு, என்ன துணி, என்ன நிறம், ரோமம் வைத்ததா, யாருக்குப் போகிறது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். கவுனை மகளுக்கும், அடுத்த நல்ல கவுனை வேலைக்காரப் பெண்ணுக்கும் எழுதிவைத்திருப்பார்கள். துணி அவ்வளவு விலை. கிழியும்வரை கை மாறிக்கொண்டே இருந்தது. உயில் எழுதியவர்கள் பெரும்பாலும் கொஞ்சம் வசதியானவர்கள் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஜோனின் கவுன் அப்படித்தான் முடிவானது. ஊதா நிறக் கம்பளித் துணி, எஜமானி விட்டுப்போனது. எஜமானி பருமன், அதனால் இரு பக்கமும் பிடித்துத் தைத்த தையல் தெரியும். உள்ளே லினன் சட்டை, அதன் மேல் முன்பக்கம் கயிறு கோத்த கிர்ட்டில், அதாவது கவுனுக்கு அடியில் போடும் இறுக்கமான நீள அங்கி. கயிறு நுழையும் ஓட்டைகளைக் கையால் சுற்றித் தைக்க வேண்டும். என் முதல் கவுனில் இருந்தவை உலோக வளையங்கள். ஓவியங்களை இதற்கப்புறம் பாருங்கள், அதுவும் நடுவில் நிற்கும் புனிதர்களை விட்டுவிட்டு, பின்னால் சந்தையிலும் அடுப்படியிலும் நிற்பவர்களை.

கண்ணாடி போடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். லண்டன் டிரிக் லேனில் 1440 வாக்கில் செய்த எலும்புச் சட்டக் கண்ணாடி கிடைத்திருக்கிறது. காதில் மாட்டும் கம்பி கிடையாது, மூக்கில் இடுக்கிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் கைவேலை. விரல்வளையக் கயிறு பின்னும் முறையைச் சொல்லித்தரும் குறிப்புகள் பதினைந்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகளிலேயே உள்ளன. ஐந்து நூல் வளையங்களை இரண்டு கை விரல்களிலும் மாட்டிக்கொள்ள வேண்டும். காலியாக இருக்கும் சுட்டுவிரல், எதிர்க்கையின் மற்ற வளையங்களுக்குள் புகுந்து போய்க் கடைசி விரலின் வளையத்தைக் கொண்டுவரும். மிச்ச வளையங்கள் ஒவ்வொரு விரலாகத் தள்ளி உட்காரும். கையை அகல விரித்து இறுக்க வேண்டும். கை எட்டும் நீளத்துக்குத்தான் கயிறு வரும். அதைவிட நீளம் வேண்டுமென்றால், எதிரே ஒருவர் உட்கார்ந்து பின்னலைத் தட்டி இறுக்க வேண்டும். பட்டறையில் தொழில் பழகும் பெண் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஜோனுக்கு எது தெரியாது என்றும் எழுதிவையுங்கள். அந்த அரியணைச் சண்டைகளுக்குப் பிற்காலத்தில் வைத்த 'ரோஜாப் போர்கள்' என்ற பெயர் அவளுக்குத் தெரியாது. உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் தெரியாது. மிளகு தெரியும், மலபாரிலிருந்து வெனிஸ் வழியாக வந்தது. சிலர் என் நிறத்தைப் பார்த்து, நீங்கள் அப்போது இங்கே இருந்திருக்க முடியுமா என்று கேட்பார்கள். ஜோன் லண்டனில் பிறந்தவள். என் தோலுக்காக அவளுக்கு நான் கதை கட்டவில்லை, அவள் கைவேலையைத்தான் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, கேட்டவர் விரல்களில் வளையங்களை மாட்டிவிடுவேன்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. ஒவ்வொரு ஜூலையும் நாங்கள் டியூக்ஸ்பரிக்குப் போகிறோம். 1471 மே 4 அன்று போர் நடந்த அந்த ஊரில், லண்டன் பட்டுக்காரிக்கு ஒரு வேலையும் இல்லை. அதனால் படையோடு நடந்து வந்த ஒரு துணி துவைப்பவளுக்காக இன்னொரு தாளில் கோடு போட ஆரம்பித்திருக்கிறேன். அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.