பழைய சொகுசுக் கார் மாடல் சேர்க்க ஆசையா? முதல் காரை இப்படி வாங்குங்கள்

நான் வாங்கிய முதல் மாடல் கார் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கிளவுட். 1:18, 1:43 என்று இரண்டு இருந்தன, 43 தானே பெரிய எண், அப்போ அதுதான் பெரிய கார் என்று நினைத்து அதை வாங்கிவிட்டேன். வந்து சேர்ந்தது உள்ளங்கையில் உட்காருகிற அளவுக்கு ஒரு கார். சிரிக்காதீர்கள், இந்தத் தப்பைப் பண்ணாதவர்கள் குறைவு.

அதனால் படி 1, ஸ்கேல். 1:43 என்றால் நிஜக் காரின் நீளத்தை 43ஆல் வகுத்தது, அவ்வளவுதான். சில்வர் கிளவுட் சுமார் 5.38 மீட்டர். 1:43இல் அது 12.5 செ.மீ., 1:24இல் 22 செ.மீ. சொச்சம், 1:18இல் கிட்டத்தட்ட 30 செ.மீ. வாங்குமுன் அலமாரியை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள், ஏனென்றால் 5.7 மீட்டர் நீளமுள்ள 1959 காடிலாக் மாதிரி ஒன்று 1:18இல் வந்தால் 32 செ.மீ. இடம் கேட்கும். அதென்ன 43 என்று ஒரு விநோத எண் என்றால், பிரிட்டனின் 'ஓ கேஜ்' என்ற அளவுப் பொம்மை ரயில்களில் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று கணக்கு, அது ஏறக்குறைய 1:43.5 ஆகிறது. லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் 1930களில் ரயிலுக்குப் பக்கத்தில் வைக்கச் செய்யத் தொடங்கிய குட்டி வண்டிகள்தான் பிறகு டிங்கி டாய்ஸ் ஆயின.

படி 2தான் முக்கியம், இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மாடலைப் பார்ப்பதற்கு முன்னால் நிஜக் காரைப் படியுங்கள். ஒரே ஒரு கார் போதும். சில்வர் கிளவுடையே எடுத்துக்கொள்வோம். 1955இல் முதல் கிளவுட் ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்தது. 1959இல் வந்த இரண்டாவதில் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின், ஆனால் வெளியே பார்த்தால் ரெண்டும் ஒரே மாதிரிதான். 1962இல் வந்த மூன்றாவதில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஹெட்லைட், போனட்டும் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். பெட்டியில் 'கிளவுட் 3' என்று போட்டு உள்ளே பக்கத்துக்கு ஒரு விளக்கு இருந்தால், செய்தவருக்கே கார் தெரியவில்லை என்று அர்த்தம். அதே உடலில் பென்ட்லியின் கிரில்லை, அதாவது முன்முகத் தட்டியை, மாட்டினால் அது பென்ட்லி எஸ் வரிசை. இன்னொன்று, 1959 காடிலாக்கின் வால் துடுப்பு ஒவ்வொன்றிலும் தோட்டா வடிவத்தில் இரட்டை விளக்கு இருக்கும், 1960 காரில் துடுப்பு தணிந்து அந்த விளக்கும் போய்விட்டது. 1961 லிங்கன் கான்டினென்டலில் பின்கதவு பின்பக்கக் கீலில் திறக்கும். இப்படி நாலு அடையாளம் தெரிந்தால் போட்டோவைப் பார்த்ததுமே கண் தானாகச் சரியான இடத்துக்குப் போகும்.

படி 3, டைகாஸ்ட்டா ரெசினா? டைகாஸ்ட் என்பது துத்தநாகக் கலவையில் வார்த்தது. கையில் கனமாக இருக்கும், பலவற்றில் கதவும் போனட்டும் திறக்கும். ரெசின் என்பது அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிளாஸ்டிக் போன்ற பிசின். அதில் பெரும்பாலும் எதுவும் திறக்காது, ஆனால் கோடுகள் கூர்மையாக இருக்கும். திறக்காததை ஒரு குறையாக நினைத்தவன்தான் நானும், கணக்குப் போட்டபின் மனம் மாறியது. நிஜக் காரின் கதவு இடுக்கு 5 மி.மீ. என்று வையுங்கள், 1:43இல் அது 0.12 மி.மீ. ஆக வேண்டும். திறக்கிற கதவில் அவ்வளவு நெருக்கம் கொண்டுவருவது பெரும்பாடு. அதனால்தான் சின்ன ஸ்கேலில் திறக்கும் கதவுகளைச் சுற்றிச் சாக்கடை மாதிரி ஒரு பள்ளம் தெரிகிறது. என் சிபாரிசு: 1:18 என்றால் டைகாஸ்ட், 1:43 என்றால் கண்ணை மூடிக்கொண்டு ரெசின்.

படி 4, போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் கார் தரையில் நிற்கிற விதம், சக்கர வளைவுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிற மாதிரி இடைவெளி இருந்தால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம். அப்புறம் கிரில். நல்ல மாடலில் செங்குத்துத் தகடுகள் தனித்தனியாக, இடையே நிஜமான வெளியோடு இருக்கும். மட்டமானதில் க்ரோம் பூசிய பிளாஸ்டிக் பாளம், நடுவில் கறுப்புக் கோடு. மெட்டாலிக் பெயிண்டின் மினுக்கும் துகளையும் கவனியுங்கள், அது நிஜக் காரில் இருக்கும் அளவிலேயே இருந்தால் மாடலில் ஜிகினா ஒட்டினது போலத் தெரியும். தொடக்கக்காரர் கறுப்பு, தந்த நிறம் என்று சாதா வண்ணத்தில் வாங்குவது நல்லது.

படி 5, பழைய மாடல் வாங்குகிறவர்களுக்கு மட்டும். துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, வெடித்து, உப்பி, கடைசியில் உதிரும். ஈரம் அதை வேகப்படுத்தும். பெயிண்டில் மயிரிழை விரிசலோ, அடிப்பாகத்தில் வளைவோ தெரிந்தால் விட்டுவிடுங்கள், இதற்கு மருந்து கிடையாது.

படி 6, வீட்டுக்கு வந்தபின். நேர் வெயில் படாத இடம், தூசி தட்ட மேக்கப் பிரஷ், இவ்வளவு எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்று டயர். மென்மையான டயரிலிருந்து கசியும் எண்ணெய் போன்ற பொருள் கார் நிற்கும் பிளாஸ்டிக் மேடையைக் கரைக்கும், சில வருடம் கழித்துத் தூக்கினால் நான்கு குழி, டயரின் ஒரு துண்டும் அங்கேயே ஒட்டியிருக்கும். என்னுடைய இரண்டு கார் அப்படிப் போனது. சேஸின் (அடிச்சட்டத்தின்) அடியில் சின்னக் கட்டை ஒன்று வைத்து டயர் மேடையைத் தொட்டும் தொடாமலும் தூக்கி வையுங்கள்.

பெட்டியையும் உள்ளே இருக்கும் தெர்மாகோல் அச்சையும் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் விற்கும்போது முதலில் கேட்பது அதைத்தான். பெரிய மாடல்களின் பெட்டியில் கதவு திறக்க ஒரு குட்டி நெம்புகோல் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள், நகத்தால் நெம்பினால் முதலில் போவது விளிம்புப் பெயிண்ட்.